தலைவருக்கு முகச்சவரம்

செத்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழு ஒரு சுற்றறிக்கை விட்டது. லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பலகைக்குள் அதை ஒட்டியிருந்தார்கள். வளாகத்துக்குள் இனி 'பிணம்' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது. வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் செத்து எழுந்து நடந்தால் அவரை 'நலம் குன்றிய உரிமையாளர்' என்றே குறிப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது.

வாடகைக்கு இருப்பவர் செத்து எழுந்தால் என்ன சொல்வது என்று நாலாம் மாடிப் பார்லர்க்காரி செயலாளரைக் கேட்டாள். குதர்க்கமாகக் கேட்கவில்லை. அவள் வாடகைக்கு இருப்பவள், தெரிந்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டாள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அவங்களைப் பிணம்னே சொல்லலாம்மா, தடை ஒண்ணும் இல்லை" என்றார்.

செயலாளர் ஏதோ ஒரு வாரியத்தில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரியம் அவரை விட்டாலும் அவர் வாரியத்தை விடவில்லை. தோட்டத்தில் செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது, பால்கனியில் ஈரத்துணி சொட்டக் கூடாது, லிஃப்டில் தும்மக் கூடாது என்று வாரத்துக்கு ஒரு விதி போடுவார். வீட்டில் வைத்து யாரும் தொழில் செய்யக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். பார்லர்க்காரி வீட்டு முன்னறையில்தான் கடை வைத்திருந்தாள். மாதாமாதம் அவள் கதவில் எச்சரிக்கை நோட்டீசை அவரே வந்து ஒட்டுவார். ஒட்டிய கையோடு உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு போவார்.

அவள் புருஷன் ஆம்புலன்ஸ் டிரைவர். தெருவெல்லாம் செத்தவர்கள் திரியத் தொடங்கிய அன்று மத்தியானம் எப்படியோ தப்பித்து வண்டியோடு கேட்டுக்கு வந்து சேர்ந்தான். உள்பக்கம் செயலாளர் கையில் ஒலிபெருக்கியோடு நின்றிருந்தார். வாடகைப் பதிவெண் உள்ள வண்டிகளுக்கு வளாகத்தில் அனுமதி கிடையாது, பின்தெருவில் நிறுத்திவிட்டு வரலாம் என்று அறிவித்தார். வண்டி வேண்டாம் சார், என்னை மட்டும் விடுங்கள் என்றான் அவன். அப்படியானால் குடியிருப்போர் அட்டையைக் காட்ட வேண்டும் என்றார். அட்டை வீட்டில் இருந்தது. லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். அவள் நாலு மாடியும் ஓடி இறங்கி அட்டையை நீட்டினாள். செயலாளர் அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் படித்தார். போன மாதமே காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கிற நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு என்றார்.

அதற்குள் தெருமுனையில் திரிந்த செத்தவர்கள் வந்துவிட்டார்கள். கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றான் அவன். கடைசிவரை மரியாதை குறையவில்லை. 'சார், சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கேட்டை இழுத்துப் பார்த்தாள். பூட்டு பெரிய பூட்டு.

எல்லாம் முடிந்த பிறகு செயலாளர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அஞ்சலித் தீர்மானம் உரிமையாளர்களுக்கு மட்டும்தான்மா போட முடியும். இருந்தாலும் வாய்மொழியா என் வருத்தத்தைச் சொல்லிக்கறேன்."

அவள் மாடி ஏறி வீட்டுக்கு வந்தாள். உள்ளறையில் கால் எலும்பு முறிந்து கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருந்த நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். பொழுது சாயும்போது நாத்தனார்தான் பேசினாள். "அண்ணி, நான் உயிரோட இருக்கற வரைக்கும் அந்த ஆள் நிம்மதியா சாகக் கூடாது" என்றாள். அவள் ஒரு கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் தொலைபேசி எடுக்கிற வேலையில் இருந்தவள். உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி நிஜமான கோபத்தையெல்லாம் வீட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்தவள்.

இதற்கு முன்பே சங்கத் தலைவர் கடிபட்டிருந்தார். கார் நிறுத்துமிடத்தில் அவருக்கு ஒதுக்கிய கட்டத்துக்குள் ஒரு செத்தவன் நின்றிருக்கிறான். தலைவர் காரை விட்டு இறங்கிப் போய், இது யாருடைய இடம் தெரியுமா என்று அவனைக் கேட்டிருக்கிறார். அவன் தோள்பட்டையில் கடித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் தலைவரும் நலம் குன்றிவிட்டார். மற்றவர்களாக இருந்தால் வெளியே தள்ளியிருப்பார்கள். அவரை உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்துப் பூட்டினார்கள்.

அடுத்த தலைவர் யார் என்ற பேச்சு எழுந்தபோது பொருளாளர் துணைவிதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவர் தணிக்கையாளர், எதையும் எழுத்தில் பார்த்தால்தான் அவருக்குப் பசிகூட எடுக்கும். ராஜினாமா செய்தால் பதவி போகும், வீட்டை விற்றால் பதவி போகும். செத்துப்போனால் பதவி போகும் என்று எங்கும் இல்லை. எழுதாததை எப்படி அமல்படுத்துவது என்று கேட்டார். ஆக, தலைவர் தலைவராகவே தொடர்ந்தார். செயலாளருக்கு இதில் மனப்பூர்வமான சந்தோஷம். "உயிரோட இருந்தப்போ எல்லாத்துக்கும் ஏன், எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்பார். இப்ப பாருங்க, என்ன ஒரு ஒத்துழைப்பு" என்று நாலு பேரிடம் சொன்னார்.

ஆனால் தலைவர் என்றால் பார்ப்பதற்குத் தலைவர் மாதிரி இருக்க வேண்டாமா? பார்லர்க்காரியைக் கூப்பிட்டனுப்பினார்கள். கூட்ட நாட்களில் தலைவருக்கு முகச்சவரம் செய்து, தலை வாரி, கோட்டு மாட்டிக் கொண்டுவந்து உட்கார வைப்பது அவள் பொறுப்பு. பதிலுக்கு அவளுக்கும் நாத்தனாருக்கும் சங்கக் கிடங்கிலிருந்து சாப்பாடு.

உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு சக்கர நாற்காலியில் தலைவரைக் கை, கால், இடுப்பு என்று பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். வாய்க்கு ஆறாம் மாடி நாயின் வாய்க்கூடு. சவரம் செய்யும்போது அதைத் தூக்கிவிட்டு, அவர் பல் படாமல் கத்தியை ஓட்ட வேண்டும். செத்தவருக்குத் தாடி வளராது. தோல் சுருங்குவதால் உள்ளே இருந்த முடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அழுத்திச் சிரைத்தால் தோலும் சேர்ந்து வரும். போகப் போகப் பழகிவிட்டது. கன்னத்தில் இரண்டு பூச்சு பவுண்டேஷன், உதட்டுக்கு லேசான நிறம். ஒருநாள் இடது காது கையோடு வந்துவிட்டது. செயற்கை நகம் ஒட்டுகிற பசையால் ஒட்டிவிட்டாள். நாயின் வாய்க்கூடு தலைவரின் மாண்புக்குக் குறைவு என்று செயலாளர் அபிப்பிராயப்பட்டதால் அதற்கு மேல் ஒரு பட்டு ஸ்கார்ஃப் சுற்றினாள். பார்க்கிறவர்களுக்குத் தலைவருக்கு ஜலதோஷம் என்றுதான் தோன்றும்.

கூட்டம் முதல் மாடி மன்றத்தில் நடக்கும். முதலில் சங்கப் பாடல். கலாச்சாரச் செயலாளரான அம்மாள் அதைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுவார். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். தலைவருக்கு மட்டும் உட்கார்ந்தபடி மரியாதை செலுத்த சிறப்பு அனுமதி. பிறகு செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார். வாசித்து முடித்ததும் மேஜைக்கடியில் ஒரு கிண்ணத்தை மெல்ல நகர்த்துவார். அதில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பச்சை ஈரல் துண்டு இருக்கும். தலைவர் வாசம் பிடித்துத் தலையைக் குனிவார். 'தலைவர் ஒப்புதல் அளித்தார்' என்று பொருளாளர் எழுதிக்கொள்வார்.

அப்படித்தான் ஏழாம் மாடித் தம்பதி போனார்கள். அவர்கள் குழந்தை இரவு பத்துக்கு மேல் அழுதது. அடுத்து பியானோ வாத்தியார் போனார். அவர் அழவில்லை, வாசித்தார். வெளியேற்றம் என்று அதைச் சொல்லக் கூடாது, 'வழியனுப்பு விழா' என்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பூங்கொத்து, நன்னடத்தைச் சான்றிதழ், செயலாளர் உரை எல்லாம் உண்டு. பியானோ வாத்தியாரின் விழாவில் செயலாளர் கண் கலங்கினார். இப்படிப்பட்ட மனிதரை இழப்பது இந்த வளாகத்துக்கே பேரிழப்பு, இழப்புக்கு யார் காரணம் என்று ஆராய இது நேரமில்லை என்றார். பிறகு பக்கவாட்டுக் கேட்டைத் திறந்தார்கள். வாத்தியார் வெளியே ஒரு கால் வைத்ததும் பொருளாளர் ஓடிவந்து பூங்கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது சங்கச் சொத்து.

பார்லர்க்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தலைவருக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை செயலாளரின் பிடரியில் சாயம் தடவும்போதும் கத்திரி எங்கே இருக்கிறது என்று அவள் கண் தேடும். ஒரு குத்து போதும். ஆனால் அதற்குப் பிறகு படுக்கையில் இருக்கிற நாத்தனாரை யார் பார்ப்பது? அதோடு, ஒரே குத்தில் அந்த மனிதர் போய்விடுவது அவள் மனசுக்கு ஒப்பவில்லை.

இந்த நேரத்தில்தான் நாத்தனாரின் பெயர் நிகழ்ச்சி நிரலில் வந்தது. விருந்தினர்கள் ஒரு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது என்று விதி. பார்லர்க்காரி செயலாளர் வீட்டுக்குப் போய் நின்றாள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை, நொண்டிக்கொண்டு பத்தடி போக மாட்டாள் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். விதி அப்படி இருக்கிறதே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நீயே யோசிச்சுப் பாரும்மா. அவங்க உன் புருஷனோட தங்கச்சி. உன் புருஷன் இப்ப நம்ம குடியிருப்போர் பட்டியல்ல இல்லை. அப்ப அவங்க யாரோட விருந்தாளி?"

"வெளியே என்ன நிலைமைன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"ஏன் தெரியாம? தெரிஞ்சுதானே விதி போடறோம். வெளியே நல்லா இருந்தா நான் போடற விதிக்கு எவன் பயப்படுவான்?"

சொல்லிவிட்டு, கூட்டத்தன்று காலையில் சாயம் போட வந்துவிடு, முன்நெற்றியில் வெள்ளை தெரிகிறது என்றார்.

கலாச்சாரச் செயலாளரையும் போய்ப் பார்த்தாள். அந்த அம்மாள் ஒவ்வொரு வழியனுப்புக்கும் அழுதுகொண்டே கை தூக்குகிறவர். இந்த ஒரு தடவை கை தூக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டாள். அம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என் மனசு உன் பக்கம்தாம்மா இருக்கு. கை மட்டும்தான் அவங்க பக்கம்" என்றார்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தலைவர் ஈரல் வாசத்துக்குத் தலை குனியறாருன்னு சொன்னியே அண்ணி, வாசம் மேஜைக்குக் கீழே இல்லாம வேற எங்கயாவது இருந்தா?"

பார்லர்க்காரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ச் சாயம் கலக்கும் கிண்ணத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

ஈரல் கிடைப்பதில் சிரமமில்லை. சவரத்தின்போது தலைவர் முரண்டு பிடித்தால் காட்டுவதற்கென்று ஒரு துண்டு அவளிடமே கொடுத்து வைப்பார்கள். கூட்டத்தன்று காலையில் அதைப் பிழிந்து ரத்தத்தை எடுத்துக் கருஞ்சாயத்தில் விட்டுக் கலக்கினாள். சாயத்தின் காட்டம் அதை மூடிக்கொண்டது. செயலாளரின் தலையில் வேர்க்காலிலிருந்து நுனிவரை, காதோரம், பிடரி, மீசை என்று ஓரிடம் விடாமல் பூசினாள். வழக்கமாகப் பூசுவதைவிட நிதானமாகப் பூசினாள். அவர் மூக்கைச் சுருக்கி, வாசனை வேறு மாதிரி இருக்கிறதே என்றார்.

"இம்போர்ட்டட் சார். வேர் வரைக்கும் இறங்கும்."

அவர் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பத்து வயது குறைந்தது போலிருக்கிறது என்றார். மிச்சமிருந்த வயதும் குறையப் போவது அவளுக்கு மட்டும் தெரியும்.

பிறகு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்த் தலைவரைத் தயார் செய்தாள். கோட்டுக் கைக்குள்ளே பெல்ட்டுகளைச் சும்மா சுற்றி வைத்தாள், கொக்கி மாட்டவில்லை. மாட்டியது கால் பெல்ட்டை மட்டும், அதுவும் பெயருக்கு. ஸ்கார்ஃபுக்கு அடியில் வாய்க்கூட்டின் வாரை அவிழ்த்துவிட்டாள். வழியில் தலைவர் எதற்கும் திமிறாமல் இருக்க, பிழிந்த ஈரலை அவர் மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டே நாற்காலியைத் தள்ளிப்போனாள். மன்றத்துக்குள் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. தலைவருடைய இடத்தில் அவரை நிறுத்தி, ஈரலை வாய்க்கூட்டுக்குள் திணித்துவிட்டு வெளியே வந்தாள். பாட்டு முடியும்வரை மெல்லுவதற்கு அது தாங்கும்.

போன கூட்டத்தில் கலாச்சாரச் செயலாளர் பராமரிப்புக் கட்டண வாக்கெடுப்பு நேரத்தில் கழிவறைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. அதனால் செயலாளர் புது ஏற்பாடு செய்திருந்தார். கூட்டம் தொடங்கியதும் மன்றக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட வேண்டும். கூட்டம் முடிந்தது என்று தலைவர் ஒப்புதல் தரும்வரை உள்ளேயிருந்து யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. சாவி பார்லர்க்காரியிடம் இருக்கும். அவளுக்கு வாக்குரிமை இல்லாததால் எந்தப் பக்கமும் சாய மாட்டாள் என்று பொருளாளர் அதற்குக் காரணம் எழுதியிருந்தார்.

குழுவின் மற்ற மூவரும் வந்தார்கள். கலாச்சாரச் செயலாளர் கடைசியில் வந்தார். பார்லர்க்காரி அவரைக் கதவோரமாக நிறுத்தினாள். "மேடம், தலைவலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாள் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஏதோ புரிந்தது போலத்தான் இருந்தது. பிறகு உள்ளே மேஜையை எட்டிப் பார்த்தார். "கூட்டத்துல உக்காந்தாத்தாம்மா பிஸ்கட் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் கதவைப் பூட்டினாள். கதவில் முகம் அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு முடிந்தது. செயலாளர் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். விருந்தோம்பல் நம் பண்பு, ஆனால் பண்புக்கும் ஒரு கால வரையறை வேண்டும் என்று முன்னுரை சொன்னார். பொருளாளர் கை தூக்கினார். கலாச்சாரச் செயலாளர் வாயில் பிஸ்கட்டோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தூக்கினார். செயலாளர் கிண்ணத்தை மேஜைக்கடியில் நகர்த்தினார்.

தலைவர் குனியவில்லை. தலை மெதுவாகச் செயலாளர் பக்கம் திரும்பியது. ஸ்கார்ஃப் அவிழ்ந்து மடியில் விழுந்தது, அதன் மேல் வாய்க்கூடு விழுந்தது. தலைவர் தனக்கு ஏதோ யோசனை சொல்ல விரும்புகிறார் என்று செயலாளர் நினைத்திருக்க வேண்டும். இத்தனை நாள் பழக்கம், காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

தலைவர் இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் போட்ட கடைசிக் கூச்சல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. "தலைவரே, இது நிகழ்ச்சி நிரல்ல இல்லை" என்றார்.

நாற்காலி கவிழ்ந்தது. பொருளாளர் துணைவிதிப் புத்தகத்தால் தலைவரை இரண்டு அடி அடித்துப் பார்த்தார், புத்தகம்தான் கிழிந்தது. கையில் கடி வாங்கிக்கொண்டு கதவுக்கு ஓடிவந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் அவள் முகம். கதவைத் திற என்றார். உன் நாத்தனார் இருந்துகொள்ளட்டும் என்றார். உனக்கு ஆயுள் அட்டை தருகிறோம், பார்லருக்கு அனுமதி தருகிறோம், வாக்குரிமைகூடத் தருகிறோம் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. நாள்தோறும் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"இதையெல்லாம் தீர்மானமா கொண்டு வாங்க சார். தலைவர் ஒப்புதல் குடுத்தா உடனே திறக்கறேன்."

பொருளாளருக்குப் பின்னால் செயலாளர் எழுந்து நின்றார். முன்னைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார். அவர் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு அவள் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டாள். கலாச்சாரச் செயலாளர் மேஜைக்கடியிலிருந்து அவளைக் கூப்பிடுவது கொஞ்ச நேரம் கேட்டது. அவள் கை தானாகச் சாவித் துவாரம் வரைக்கும் போனது. ஏழாம் மாடிக் குழந்தையை நினைத்துக்கொண்டாள். கை இறங்கிவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து, சத்தம் அடங்கும்வரை இருந்து, அதற்குப் பிறகும் கொஞ்சம் இருந்துவிட்டு மேலே போனாள்.

நாத்தனார் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். படுக்கையில் நகர்ந்து இடம் விட்டாள். புருஷன் போனதிலிருந்து பார்லர்க்காரிக்குத் தூக்கமே இல்லாமல் இருந்தது. அன்று மத்தியானம் மனசாட்சி வந்து எழுப்பும், எழுப்பும் என்று எதிர்பார்த்துக்கொண்டே அடித்துப் போட்டது போலத் தூங்கினாள்.

மறுநாள் விஷயம் பரவி எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் மன்ற வாசலுக்கு வந்தார்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். நால்வரும் உள்ளே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். புதுக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒன்பதாம் மாடி வக்கீல், அவசியமில்லை, செத்தால் பதவி போகாது என்பது இந்தச் சங்கத்தில் ஏற்கெனவே முடிவான விஷயம், முழுக் குழுவும் உள்ளேதான் இருக்கிறது என்றார். யாரும் மறுக்கவில்லை. கிடங்குச் சாவியை மட்டும் செயலாளர் வீட்டு ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பக்கவாட்டுக் கேட்டில் முறைபோட்டுக் காவல் இருந்து, தப்பித்து வருகிறவர்களை உள்ளே விட்டார்கள். லிஃப்டில் இஷ்டத்துக்குத் தும்மினார்கள். குழந்தைகள் பத்து மணிக்கு மேலும் அழுதார்கள். யாரையும் வெளியே அனுப்பாமல், யாருக்கும் நோட்டீஸ் விடாமல் குழு இருந்த இடத்தில் இருந்தது. இதுவரை அமைந்த குழுக்களிலேயே இதுதான் நல்ல குழு என்று வீட்டுச் சொந்தக்காரர்களே பேசிக்கொண்டார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு நாத்தனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முதல் மாடிவரை நடந்து பழகினாள். ஒருநாள் பார்லர்க்காரியோடு வந்து அவளும் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். செயலாளரின் தலைச்சாயம் துளியும் வெளுக்கவில்லை. தலைவர் இன்னமும் அவ்வப்போது அவர் பிடரியில் வாயை வைத்து மென்றுகொண்டிருந்தார். செயலாளர் அதிலிருந்து விடுபட்டுக் கதவுக்கு வருவதும், தலைவர் பின்னாலேயே வருவதுமாக இருந்தது.

"நாத்தம் தாங்கலை அண்ணி. வக்கீல் சார் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு உள்ளே போய் எல்லாரையும் ஒரேயடியா முடிச்சுடலாம்னு சொல்றார். அதுங்களுக்கும் விடுதலையாம். சாவி கேக்கறார், குடுத்துடலாமா?"

பார்லர்க்காரி கண்ணாடியில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். உள்ளே செயலாளர் உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்து நின்றார். அவள் அந்தக் கையைச் சாவகாசமாகப் பார்த்தாள்.

"பதவிக்காலம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்றாள். "முடிக்கட்டும்."